பொங்கலுக்கு ஊருக்குப் போக மகனுக்குப் பள்ளியில் பத்து நாள் லீவு கேட்கலாமா?

ரெடிங் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்து வந்து ஏழு வருஷம் ஆகிறது, ரெடிங்கில் இருக்கிறோம். மகன் இயர் 4 படிக்கிறான், எட்டு வயது. மகள் இந்த செப்டம்பரில்தான் ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு) சேர்ந்தாள், பிப்ரவரியில் ஐந்து வயது முடியும்.

கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் என் அம்மா வீடு. அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாகத்தான் இருந்தார். இனிமேல் முடியாது என்று அண்ணன் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொள்ளப் போகிறார். வீட்டுக்கு விலை பேசி அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது, சித்திரையில் பத்திரப் பதிவு. வரும் பொங்கல்தான் அந்த வாசலில் நாங்கள் வைக்கப்போகும் கடைசிப் பொங்கல். மஸ்கட்டிலிருந்து தங்கை குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் குடும்பம், எல்லோரும் கூடுகிறோம். பொங்கல் முடிந்ததும் ஒரு வேன் பேசி ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று நாலைந்து நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று பேச்சு.

இதுவரை நாலு தடவை ஊருக்குப் போயிருக்கிறோம். நாலும் ஆகஸ்டில். ஆகஸ்டில் அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளி. சனிக்கிழமை விடிகாலை வந்து இறங்கினால் ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள், திங்கட்கிழமை டெஸ்ட் இருக்கும். அவர்களுக்குப் பெரிய லீவு மே மாதம், அப்போது என் பிள்ளைகளுக்குப் பள்ளி. என் மகன் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற பள்ளி வேன்களை எண்ணிக்கொண்டிருப்பான். போன தடவை, "அம்மா, இந்த ஊரில் பிள்ளைகளே கிடையாதா?" என்று கேட்டான். எனக்கு அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நான் வளர்ந்தபோது அந்தத் தெருவில் நாற்பது பிள்ளைகள்.

ஜனவரி 9 வெள்ளி இரவு கிளம்பி 25 ஞாயிறு திரும்ப டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறோம், இன்னும் பணம் கட்டவில்லை. கணக்குப் பார்த்தால் பத்து பள்ளி நாள். பள்ளி அலுவலகத்தில் கேட்டதற்கு, படிவம் கொடுத்துவிட்டு, "ஹாலிடே என்றால் அனுமதி கிடைக்காது, அபராதம் வரலாம்" என்று சொன்னார்கள். ஒரு தோழி அபராதம் 60 பவுண்டு என்கிறார். இன்னொருவர் 320 என்கிறார். அடுத்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், அதற்குச் சிக்கல் வரும் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். என் வீட்டுக்காரர், "இவ்வளவு எதற்கு? காய்ச்சல், வாந்தி என்று தினமும் காலையில் போன் பண்ணிவிட்டால் போச்சு" என்கிறார்.

எனக்கு எது சரி என்றே தெரியவில்லை. போகாமல் இருக்க முடியாது, அது மட்டும் தெரியும்.

ஸ்லவ் செந்தில்:

தங்கச்சி, தைரியமாகப் போய்ட்டு வாங்க. நாங்கள் 2023 ஜனவரியில் இப்படித்தான் போனோம். அப்போது ஓர் அபராத நோட்டீஸ் 60 பவுண்டு, நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், மொத்தம் 240. அதே டிக்கெட்டை முந்தின ஆகஸ்டில் நாலு பேருக்கு 3,900 கொடுத்து எடுத்தேன், ஜனவரியில் 2,300. அபராதம் கட்டியும் ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

பணத்தை விடுங்கள். என் மகள் அந்த இரண்டு வாரத்தில் எங்கள் வயல் பம்புசெட்டுத் தொட்டியில் நீச்சல் கற்றுக்கொண்டாள். இங்கே ஒன்றரை வருஷம் லெஷர் சென்டருக்கு அனுப்பியும் தண்ணீரில் முகம் வைக்க மாட்டாள். என் அப்பா அவள் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கி நின்றார். மறு வருஷம் அப்பா இல்லை. எவ்வளவு அபராதம் போட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.

கணக்கு வாத்தியார், லெஸ்டர்:

நான் பிரைமரி ஆசிரியர். மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பல பள்ளிகளில் இயர் 4 பிள்ளைகளுக்கு ஜனவரியில் பெருக்கலும் வகுத்தலும் நடக்கும். ஜூனில் வாய்ப்பாட்டுத் தேர்வு இருக்கிறது. கணினித் திரையில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12-ம் வாய்ப்பாடு வரைக்கும். ஒரு பிள்ளை பத்து நாள் இல்லாமல் திரும்பி வந்தால், அன்று வகுப்பில் எல்லோரும் ஒரு முறையைப் பழகி முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அவன் பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்ப்பான். நான் முப்பது பேரை வைத்துக்கொண்டு அவனுக்கு மட்டும் திரும்பச் சொல்லித்தர மதிய இடைவேளைதான் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள். தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த ஓட்டை அப்படியே தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகன் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். போவதென்றால் வகுப்பு ஆசிரியரிடம் அந்த இரண்டு வாரத்தில் என்ன பாடம் என்று முன்கூட்டியே கேளுங்கள். வாய்ப்பாட்டைப் பொறுத்தவரை ஊர்த் திண்ணையை விட நல்ல இடம் கிடையாது. நான் ஏழாம் வாய்ப்பாடு படித்ததே தாத்தாவின் கால் அமுக்கிக்கொண்டேதான்.

குரொய்டன் கலா:

மீனா, நான் இங்கே ஒரு பிரைமரி பள்ளி அலுவலகத்தில் 11 வருஷம் வேலை பார்த்தவள். ரிஜிஸ்டர் என் மேஜைக்குத்தான் வரும், லீவுப் படிவங்களும் என் கைக்குத்தான் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. இங்கே பள்ளி நாளை இரண்டாக்கி, காலை ஒரு செஷன், மதியம் ஒரு செஷன் என்று வருகை எடுப்பார்கள். பிள்ளை வந்தால் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. அனுமதி இல்லாமல் ஊர் சுற்றப் போனால் அந்தக் கட்டத்தில் ஜி என்ற எழுத்து விழும். பத்து பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத செஷன்கள் பத்து சேர்ந்துவிட்டால், அபராதம் போடுவதா என்று பரிசீலித்தே ஆக வேண்டும். 2024 ஆகஸ்ட் 19 முதல் இங்கிலாந்து முழுக்க இதுதான் விதி. 60 பவுண்டு என்பது அதற்கு முந்தைய கதை. இப்போது 21 நாளுக்குள் கட்டினால் 80. அதைத் தவறவிட்டால் 28 நாளுக்குள் 160. ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. உங்களிடம் 320 என்று சொன்னவர் நாலு எண்பது என்று பெருக்கியிருக்கிறார்.

ஆனால் உங்கள் மகள் அந்தக் கணக்கில் வர மாட்டாள். ஐந்து வயது முடிந்து, அதற்கு அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் பிள்ளைக்குச் சட்டப்படி கட்டாயக் கல்வி வயது. பிப்ரவரியில் ஐந்து முடிந்தால் ஈஸ்டருக்கு அப்புறம் வரும் பருவத்திலிருந்துதான். ஜனவரியில் அவளுக்காக உங்களுக்கு அபராதம் போட முடியாது. ஆக மகனுக்கு மட்டும், நீங்கள் 80, உங்கள் வீட்டுக்காரர் 80. படிவத்தில் மகள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள், அவள் எங்கே இருக்கிறாள் என்று பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செந்தில் தம்பி, நீங்கள் போன காலம் வேறு. இப்போது அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது நோட்டீஸ் வந்தால் 80 என்ற சலுகையே கிடையாது, நேராக 160. மூன்றாவது முறை நோட்டீஸே வராது, நீதிமன்றம் வரைக்கும் போகலாம். அங்கே 1,000 பவுண்டு வரைக்கும், தெரிந்தே அனுப்பாமல் இருந்தார்கள் என்று முடிவானால் 2,500 வரைக்கும் போகும். "கட்டிவிட்டுப் போவோம்" என்பது ஒரு தடவைக்குச் சரி. வருஷா வருஷம் அது நடக்காது.

குடியுரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோட்டீஸ் பணத்தை நாளுக்குள் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது, அது குற்றத் தீர்ப்பு ஆகாது. கட்டாமல் விட்டு வழக்காகி, தீர்ப்பும் உங்களுக்கு எதிராக வந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதவேண்டி வரும். அந்த எல்லைக்கே போகாதீர்கள். நோட்டீஸ் தபாலில் தனித்தனி உறையில் வரும், தவணையில் கட்ட முடியாது, மேல்முறையீடும் கிடையாது. அந்தப் பணம் பள்ளிக்கு வருவதும் இல்லை. பள்ளி காசுக்காகச் செய்கிறது என்று கவுன்ட்டரில் என்னிடம் சத்தம் போட்டவர்கள் பலர், அதனால் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இவ்வளவு கெடுபிடி இல்லை. 2013 செப்டம்பர் வரைக்கும் தலைமை ஆசிரியர் மனது வைத்தால் வருஷத்துக்குப் பத்து நாள் வரை குடும்பப் பயணத்துக்கு விடலாம். நானே பொங்கலுக்கும் ஈதுக்கும் அந்தப் படிவங்களில் முத்திரை குத்தியிருக்கிறேன். அப்புறம்தான் "அசாதாரணச் சூழ்நிலை" இருந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். ஓய்வுக்கும் உல்லாசத்துக்கும் போவதை அப்படிக் கருத முடியாது என்று அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது.

இதை எதிர்த்து ஒருவர் கடைசி வரை போய்ப் பார்த்தார். ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட். 2015 ஏப்ரலில் மகளை ஃப்ளோரிடாவுக்கு டிஸ்னி பார்க்க அழைத்துப் போனார். அபராதம் வந்தது, கட்ட மறுத்தார். சட்டத்தில் பிள்ளை "ரெகுலராக" வரவேண்டும் என்றுதானே இருக்கிறது, என் மகள் மற்ற நாளெல்லாம் ஒழுங்காகத்தானே வந்தாள் என்பது அவர் வாதம். உயர் நீதிமன்றம் வரைக்கும் ஜெயித்தார். 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம், ரெகுலர் என்றால் பள்ளி வகுத்த விதிப்படி என்றுதான் பொருள் என்று சொல்லிவிட்டது. அந்தக் காலை எங்கள் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. அதற்கு அப்புறம் எந்தத் தலைமை ஆசிரியையும் இதில் வளைந்து கொடுக்கத் தயங்குகிறார்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வழிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது எங்களுக்குத் தெரியாமல் போகாது. நாங்கள் திருப்பி அழைப்போம்.  வெளிநாட்டில் இருந்தால் போன் ஒலிக்கும் விதத்திலேயே சில சமயம் தெரிந்துவிடும். மருத்துவச் சான்று கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. இதெல்லாம் கூடப் பெரிதில்லை.

எங்கள் பள்ளியில் இயர் 2-வில் நம் பையன் ஒருவன் இருந்தான். தினமும் காலையில் என் கவுன்ட்டரில் எக்கி நின்று "குட் மார்னிங் ஆன்ட்டி" சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவான். ஒரு வாரம் ஆளைக் காணோம். அவன் அம்மா தினமும் அழைத்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்றார். வாந்தி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் அனுப்ப வேண்டும் என்று நானும் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவன் வந்தான். கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தான். உள்ளே வந்தால் குல்லாயைக் கழற்ற வேண்டுமே, கழற்றினான். மொட்டை. காதுக்குப் பின்னால் மடிப்பில் காய்ந்த சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது, இரண்டு தடவை குளித்தாலும் அங்கே போகாது. வரிசையில் பின்னால் நின்ற ஆசிரியை, "ஓ, புது ஹேர்கட் அழகாக இருக்கிறதே!" என்று அன்பாகத்தான் சொன்னார். அவன் அவரைப் பார்க்கவில்லை. கவுன்ட்டரில் கையை ஊன்றி எக்கி, என்னிடம் தமிழில் மெதுவாகக் கேட்டான். "ஆன்ட்டி, எனக்கு வாந்தி வந்துச்சுன்னுதானே சொல்லணும்?"

ஆறு வயது. பழனிக்குப் போய் மொட்டை போட்டு, தாத்தா தோளில் உட்கார்ந்து படி ஏறி வந்த பையன். வகுப்பில் முப்பது பேரிடமும் அதைச் சொல்லத் துடித்திருப்பான். நான், "நீ வகுப்புக்குப் போ கண்ணா" என்று மட்டும் சொன்னேன். என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அப்புறம் தலைமை ஆசிரியையிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், அது என் வேலை. நோய் என்று போட்டிருந்த எழுத்தெல்லாம் ஜி ஆக மாறியது. அவன் அம்மா கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதை நிறுத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவனும் கவுன்ட்டர் பக்கம் திரும்பாமல் தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தான். இயர் 6 முடித்துப் போகும் வரைக்கும் அப்படித்தான்.

அதனால் மீனா, போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள். கடிதம் எழுதுங்கள். படிவத்தில் ஒரு வரி எழுதிக் கொடுக்காதீர்கள். பாட்டி வீடு சித்திரையில் கைமாறுகிறது, மூன்று நாட்டில் இருக்கும் குடும்பம் அங்கே கடைசியாகக் கூடுகிறது, அறுவடைத் திருநாள் ஜனவரி நடுவில் வருகிறது, இங்கே எந்த விடுமுறையிலும் அது விழாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். திரும்பும் டிக்கெட்டின் நகலை இணையுங்கள். ஒருவேளை இரண்டு நாளாவது அனுமதித்தால் உங்கள் அதிர்ஷ்டம், எத்தனை நாள் என்பது தலைமை ஆசிரியையின் முடிவு. முழுதாக மறுத்தால், மறுத்தார் என்று தெரிந்தே போகிறீர்கள்.

கடைசியாக ஒன்று. காணும் பொங்கல் முடிந்த திங்கட்கிழமை உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிடுமே. அப்போது இரண்டாவது வாரம் ராமேஸ்வரத்துக்கு யார் வருவார்கள்? திண்ணையில் உட்கார்ந்து வேன் எண்ணும் பையனுக்காகத்தானே இந்தப் பயணம்?

ஹரோ ரவி:

கலா அக்கா சொன்னது முழுக்கச் சரி. என்னுடைய அனுபவத்தையும் எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழா 25 நாள், பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டியே வரும், அதனால் எங்கட ஆட்கள் பலருக்கு இந்தச் சிக்கல் குறைவு. பிள்ளைகள் பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு அப்பம்மா வீட்டுக்குப் போய்த் தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஆனால் என் அப்பா ஒரு நவம்பரில் காலமானார். அன்று இரவே பள்ளித் தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். காலையில் அவரே போன் எடுத்துக் கதைத்தார், ஐந்து நாள் அனுமதித்தார். பிறகு 31-ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, அதாவது இறந்தவருக்கான கிரியை, இருக்கிறது, அதுவரைக்கும் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அது முடியாது என்றார். நான் மட்டும் நின்றேன், மனைவி பிள்ளைகளோடு திரும்பிவிட்டார். அந்தியேட்டிக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. அவர் மறுத்ததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் கேட்டபடியால்தான் அந்த ஐந்து நாளாவது கிடைத்தது.

நாலு வாரம், ஐந்து வாரம் என்று ஒருபோதும் இழுக்க வேண்டாம். தொடர்ந்து 20 பள்ளி நாள் தகவலே இல்லாமல், தேடியும் கிடைக்காமல் போனால் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி இடத்தை இழந்து, திரும்பி வந்து இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியில் சேர்த்தார்கள்.

கார்டிஃப் சுதா:

வேல்ஸில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: இங்கே இன்னும் தலைமை ஆசிரியர் விரும்பினால் வருஷத்துக்குப் பத்து நாள் வரை குடும்பப் பயணத்துக்கு விடலாம். உரிமை கிடையாது, அவர் விருப்பம். எங்களுக்குப் போன வருஷம் ஆறு நாள் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் இந்த அபராத நோட்டீஸ் முறையே கிடையாது.

ரெடிங் மீனா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, வீட்டில் இரண்டு நாள் இதே பேச்சு.

கலா அக்கா எழுதியதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். மொட்டைப் பையன் வந்த இடத்தில் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "சரி, சொல்லிட்டே போவோம்" என்றார்.

இரண்டாவது வாரம் பற்றிக் கேட்டீர்களே, அண்ணனைக் கேட்டேன். ஆமாம், 19-ந் தேதி பிள்ளைகளுக்குப் பள்ளி, அண்ணி மட்டும் லீவு போடுவதாகத்தான் ஏற்பாடாம். இதை நான் யோசிக்கவே இல்லை. ராமேஸ்வரத்தை விட்டுவிட்டோம். 9-ந் தேதி கிளம்பி 18 ஞாயிறு திரும்புகிறோம், ஐந்து பள்ளி நாள். அம்மாவுக்கு முதலில் முகம் வாடியது. "கடல் எங்கேயும் போகாது, பிள்ளைங்க வந்தா போதும்" என்று அப்புறம் அவரே சொன்னார்.

என் வீட்டுக்காரர் இன்னொரு கணக்கும் போட்டார். திங்கட்கிழமை பள்ளி முடிந்து கிளம்பினால் நாலு நாள்தான், எட்டு செஷன், பத்தைத் தொடாது என்றார். பள்ளியில் மகனின் வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். இந்த நவம்பரிலேயே இரண்டு காலை, ரிஜிஸ்டரை மூடிய பிறகு தாமதமாகப் பள்ளிக்குப் போயிருக்கிறான். அதுவும் அனுமதியில்லாத கணக்கில்தான் சேருமாம். எட்டும் இரண்டும் பத்து. பொங்கலுக்கு முன்னே ஓடிப்போய்ச் சேருவதற்குப் பதில் 9-ந் தேதியே போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம். 160 பவுண்டை இப்போதே தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது.

கடிதம் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பதில் நேற்று வந்தது. அனுமதிக்க முடியாது, நோட்டீஸ் வரலாம் என்றுதான் இருந்தது. மாலையில் பிள்ளைகளை அழைக்கப் போனபோது தலைமை ஆசிரியை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, "உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் பாட்டி வீடும் விற்றுப்போனதுதான்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வகுப்பு ஆசிரியை அந்த வாரப் பாடம் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாத்தியார் சொன்னபடி வாய்ப்பாடு அம்மா பொறுப்பு. அம்மாவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும்.

எங்கே போகிறாய் என்று யார் கேட்டாலும் தாராளமாகச் சொல்லலாம் என்று மகனிடம் சொன்னேன். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். ஒரு பையன், கரும்பு எப்படி இருக்கும் என்று கேட்டானாம், இவனுக்கு விளக்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்து காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா அக்கா?

குரொய்டன் கலா:

கொண்டுவராதீர்கள் மீனா, விமான நிலையத்தில் செடி கொடி விஷயத்தில் கெடுபிடி அதிகம், பிடுங்கிக்கொள்வார்கள். பொங்கல் சமயத்தில் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் நம் கடைகளில் கரும்பு வரும். ஒன்று வாங்கி, தோகையோடு வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து இறங்கியதும் தகவல் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் அவனைப் பள்ளியில் விட்டுவிடுங்கள், எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருந்தாலும்.